சிங்கப்பூரில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு வாரம் லீவு: ஊருக்கா, சைகோனுக்கா, பினாங்குக்கா?

ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் ஆறு ஏழு வாரம் பாடம் நடந்ததும் ஒரு வாரம் வகுப்பு கிடையாது. ‘ரிசஸ் வீக்’ என்கிறார்கள். செப்டம்பர் கடைசியை ஒட்டி ஒன்று, அடுத்த பருவத்தில் பிப்ரவரி கடைசியை ஒட்டி ஒன்று. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் அங்கே பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் வீடுகளில் அந்த வாரம் நெருங்கினால் போனில் இதே பேச்சுதான். என் அக்கா மகளும் கேட்டாள்: “மாமா, இருக்கிறது ஒரு வாரம். சைகோன் போகவா, பினாங்கு போகவா, இல்ல பேசாம ஊருக்கே வந்துரவா?” பக்கத்தில் இருந்த என் அம்மா, அவளுடைய ஆயா, “ஊருக்கே வரச் சொல்லுப்பா” என்றார். அவளுக்குச் சொன்னதையே மற்றப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த வாரத்தில் கைக்குக் கிடைப்பது எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் சனி, ஞாயிறு சேர்ந்து ஒன்பது நாள் இருப்பது போலத் தெரியும். ஆனால் இடைப்பருவத் தேர்வைப் பல பாடங்களில் லீவு முடிந்த கையோடு வைத்துவிடுகிறார்கள். குழுவாகச் செய்து கொடுக்க வேண்டிய வேலையும் அந்த வாரத்தில்தான் வந்து நிற்கும். ஆகவே ஊர் சுற்ற நாலு நாள், மிஞ்சினால் ஐந்து நாள். ஐந்து நாளில் மூன்று நாடு காட்டுகிற திட்டங்களை இந்தக் கணக்கிலேயே ஒதுக்கிவிடலாம். நண்பர்களோடு பாலிக் கடற்கரைக்குப் போவதும் ஒரு வழிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது எந்த வயதிலும், எந்த ஊரிலிருந்தும் போகலாம். செட்டிநாட்டில் பிறந்து சிங்கப்பூரில் படிக்கிற ஒரு பிள்ளைக்கு இப்போது மட்டும் சுலபமாக அமைகிற பயணம் எது? என் அளவுகோல் அதுதான்.

ஊருக்கு வருவதை எதிர்த்துப் பேச எனக்கே மனம் வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் இருக்கிறது. நாலு மணி நேரம்தான். திருச்சியிலிருந்து காரைக்குடி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காலையில் அங்கே கிளம்பினால் மாலைப் பலகாரத்துக்கு வீட்டில் இருக்கலாம். வீட்டில் முன்னோருக்குப் படைப்பு வைத்திருக்கிறார்கள், குலதெய்வத்துக்குச் சிவராத்திரி, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், பெரியவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் வேறு யோசனையே வேண்டாம், ஊருக்கு வந்துவிட வேண்டும். பிப்ரவரி லீவு சில வருஷம் சிவராத்திரிக்குப் பக்கத்தில் வரும். அதையும் நாள்காட்டியில் பார்த்துக்கொள்வது நல்லது. இப்படி ஒன்றும் இல்லையென்றால், டிசம்பர் முதல் வாரத்தில் பரீட்சை முடிந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரை நீளமான லீவு வருகிறதே, அதற்கு வருவதுதான் சரி. மார்கழியில் இங்கே வெயில் தணிந்திருக்கும். கார்த்திகைத் தீபத்திலிருந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. எல்லோரும் கூடி உட்கார்ந்து, மாவில் நூல்திரி வைத்து ஏற்றிய ‘இழை’யை எடுத்துக்கொள்கிற நாளில் பிள்ளை வீட்டில் இருந்தால் ஆயாவுக்கும் நிறைவு. நாலு நாளுக்கு என்று வந்தால் இரண்டு நாள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வருவதிலேயே கழியும், விமானக் கட்டணமும் டிசம்பரில் இன்னொரு தடவை கொடுக்க வேண்டியிருக்கும். அம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

சிங்கப்பூரையே சுற்றிப் பார்க்கலாமே என்பவர்களுக்கு ஒரு சொல். பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அதற்கு லீவு வாரம் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை போதும். 1859இல் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், எழுப்பிய தெண்டாயுதபாணி கோவில் டேங்க் ரோட்டில் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில், நுணுக்கமான செதுக்கு வேலை நிறைந்த செட்டிநாட்டு நிலைக்கதவு ஒன்றை வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளை அதன் முன்னால் ஐந்து நிமிஷமாவது நிற்காமல் வரக்கூடாது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கும் போகலாம். ஒரு காலத்தில் செட்டியார் கிட்டங்கிகள், அதாவது கடையும் தங்குமிடமும் ஒன்றான கட்டடங்கள், வரிசையாக இருந்த தெரு. இன்று வானுயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் மட்டுமே. கிட்டங்கிகளை இடித்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது.

பர்மாவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரியவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். செட்டிநாட்டுப் பணத்தில் பெரும்பங்கு அங்கே விளைந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியாமல் நிலமாகவே கொடுத்ததில் 1930களின் கடைசிக்குள் அது 25 பங்கானது. அவர்கள் கேட்டது பணம், வந்தது நிலம். அந்த நிலமே பர்மியர்களின் கோபத்துக்குக் காரணமாகி, 1942இல் ஜப்பான் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. பெருந்திரளான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். ரங்கூனைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அங்கே நடக்கும் சண்டைக்கு நடுவே படிக்கிற பிள்ளையை அனுப்புவது சரியில்லை. இன்றைக்கு அது பட்டியலிலேயே இல்லை.

சைகோன் நிஜமான போட்டி. இப்போது ஹோ சி மின் நகரம் என்று பெயர், ஆனால் நம் வீடுகளில் இன்னும் சைகோன்தான். சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் மேகாங் படுகை முழுக்க நெல் வயலானபோது அந்த விவசாயத்துக்குக் கடன் கொடுத்தவர்களில் நம்மவர்கள் முக்கியமானவர்கள். நகரின் நடுவில் தோன் தாத் தியெப் தெருவில் தெண்டாயுதபாணி கோவிலும், துருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோவிலும் இருக்கின்றன. 1975க்குப் பிறகு செட்டியார்கள் ஏறக்குறைய எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், கோவில்கள் நிற்கின்றன. மாரியம்மன் கோவிலில் இன்று அதிகம் கும்பிடுகிறவர்கள் வியட்நாமியரும் சீனரும்தான். ஊதுவத்திக் கட்டைக் கையில் ஏந்தி, சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். கட்டியவர்கள் போன பிறகும் ஒரு தெய்வத்தை அந்த ஊர் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டிருப்பதைப் பார்ப்பது சாதாரண விஷயமில்லை. 1891இல் முடிந்த தபால் நிலையம், போர் எச்சங்கள் அருங்காட்சியகம், கூ சி சுரங்கங்கள், மேகாங்கில் படகு என்று மீதி நாளுக்கும் பஞ்சமில்லை. செலவும் சிங்கப்பூரோடு ஒப்பிட்டால் குறைவு.

இருந்தும் சைகோனை நான் இரண்டாவதாகத்தான் வைக்கிறேன். நம் கதை அங்கே இரண்டு கோவில்களோடு முடிந்துவிடுகிறது. மீதிக் கதையைக் கேட்டால் சொல்ல ஆள் இல்லை, தமிழும் இல்லை. விசா எடுக்க வேண்டும். ஒரு முறை நுழைய 25 டாலர் மின்விசா, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளக்கூடாது. சைவம் சாப்பிடும் பிள்ளைக்கு இன்னொரு சிரமம்: கீரைப் பொரியல் போலத் தெரிவதிலும் மீன் சாறு இருக்கும். ‘சாய்’ என்று பலகை போட்ட சைவக் கடைகளைத் தேடிப் பழகிக்கொண்டால் சமாளிக்கலாம். பினாங்கு இருக்கும் மலாயா எப்படியிருந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு சைகோனுக்குப் போனால், அங்கே என்ன இல்லாமல் போயிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். முதல் பயணமாகப் போனால் அது தெரியாது. ஏற்கெனவே பினாங்கு பார்த்த பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சைகோன் என்பேன்.

ஆக, என் ஓட்டு பினாங்குக்கு.

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பெரிய வீடு ஒன்றுக்குள் போனால் பர்மாத் தேக்குத் தூணும் இத்தாலியப் பளிங்கும் ஜப்பான் ஓடும் பார்க்கிறோம். பணம் எங்கிருந்து வந்தது என்றால் பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று வரிசையாகச் சொல்வார்கள். சரி, சம்பாதித்த ஊரில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? அதை நம் வீடுகள் சொல்வதில்லை. ‘கொண்டுவிற்க’, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் அங்கே இருந்தது கிட்டங்கியில். நீளமான ஒரு கட்டடம், ஆளுக்கு ஒரு பெட்டியடி, அதாவது பணப்பெட்டியோடு உட்காரும் இடம். பகலில் அதுவே கடை, இரவில் பாயை விரித்தால் அதுவே படுக்கை. சாப்பாடு பொதுச் சமையல். முதலாளிக்காகப் போகும் ஏஜண்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் இங்கே. செட்டியார்களோடு சமையலுக்கும் எடுபிடிக்கும் என்று போனவர்களுக்கும் இதே வாழ்க்கைதான், அவர்களுடைய வீடுகளில் தேக்குத் தூணும் இல்லை என்பது ஒன்றைத் தவிர.

இதைப் பினாங்கில் நேரில் பார்க்கலாம். அதே காலத்தில் அதே ஊரில் பணம் சேர்த்த சீனர்கள் அங்கேயே வீடு கட்டினார்கள். சியோங் ஃபாட் ட்சேயின் நீல மாளிகைக்குள் போய்ப் பாருங்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம், ஸ்காட்லாந்திலிருந்து வந்த வார்ப்பிரும்பு, இங்கிலாந்துத் தரை ஓடு, மரத்தில் இழைத்த வேலை. நம் செட்டிநாட்டு வீட்டு வளவுக்குள் நிற்பது போலவே இருக்கும். அங்கேயே ஊன்றிவிட்ட சீன வம்சத்தாரின் பினாங்குப் பெரானாக்கான் மாளிகையும், கூ குலத்தாரின் பொதுக் கூடமான கூ கொங்சியும் அப்படியே. செட்டியார் மாளிகை என்று அந்த ஊரில் தேடினால் கிடைக்காது. அது காரைக்குடியைச் சுற்றியல்லவா இருக்கிறது! அவர்கள் பினாங்கில் விட்டுவந்தது தொழில் நடந்த தெருவும் கோவிலும்தான். தங்கிவிட்டவர்கள் எதைக் கட்டினார்கள், திரும்பி வந்தவர்கள் எதை எங்கே கட்டினார்கள் என்பதை இரண்டு நாள் நடையில் புரிந்துகொள்ள முடிகிற ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கட்டடக் கலையோ பொருளாதாரமோ வரலாறோ படிக்கிற பிள்ளைக்கு இது பாடத்துக்கும் உதவும். அக்கா மகள் படிப்பது கணினி. அவளுக்கும் உதவும் என்றே நம்புகிறேன்.

பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனில், ‘பினாங்குத் தெரு’ என்ற தெருவில் இருக்கும் செட்டியார்களின் கோவில் வீட்டிலிருந்துதான் தைப்பூசத்துக்கு முந்திய நாள் வெள்ளித் தேர் கிளம்பி, தண்ணீர்மலைப் பக்கம் 1857இல் எழுந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலுக்குப் போகிறது. வழியெல்லாம் சீனர்களும் குவித்து வைத்துத் தேங்காய் உடைப்பார்கள். தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரி முற்பாதியிலோ வந்துவிடும். லீவு வாரத்தில் அதைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாவிட்டாலும் தேர் போகும் வழியை ஒரு மாலை நடந்து பார்க்கலாம். கோவிலுக்குப் பக்கத்திலேயே 1884இல் ஏற்படுத்திய தாவரவியல் பூங்கா இருக்கிறது.

ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி சின்னது, நடந்தே முடித்துவிடலாம். 1833ஆம் வருஷத்து மகாமாரியம்மன் கோவில், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குவான் யின் கோவில், 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், எல்லாம் ஒன்றுக்கொன்று சில நிமிஷ நடைத் தூரம். பள்ளிவாசலைக் கட்டியவர்கள் நம் கடற்கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். சூலியா வீதியில் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்காவும் உண்டு. நாசி கந்தர் சாப்பாடும் அவர்கள் கொடுத்ததுதான். சோற்றின்மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள், காரம் நமக்குப் பழகிய காரம். செட்டியார் கதையை மட்டும் தேடிப் போகிற பிள்ளைக்கு, அந்தக் கப்பல்களில் எத்தனை விதமான தமிழர்கள் போனார்கள் என்பதும் இங்கே தெரியவரும். தெருவில் தமிழில் வழி கேட்கலாம், பதிலும் தமிழில் வரும். தனியாகப் போகும் பெண்பிள்ளைக்கு இது பெரிய தைரியம். எனக்கும் அக்காவுக்கும் இதுவே நிம்மதி.

கானாடுகாத்தானில் பிறந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். அடுத்துத் திறந்த கிளைகளில் ஒன்று பினாங்கு. காரைக்குடிக்கு அன்று மதுரையைப் போலவே பினாங்கும் பக்கத்து ஊராக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி வழி. சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு நேராகப் பறக்க ஒன்றரை மணி நேரம். போகும்போது தரைவழியில் மலாக்கா போய் ஒரு இரவு தங்கி, திரும்பும்போது பினாங்கிலிருந்து விமானம் ஏறுவதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் 1826இல் ஆங்கிலேயர் ஒரே நிர்வாகமாகச் சேர்த்தார்கள். மூன்றையும் ஒரே வாரத்தில் தொட்டுப் பார்க்க முடிவது நல்ல வாய்ப்பு. மலாக்காவுக்குப் பேருந்தில் நாலு மணி நேரம் என்பார்கள், எல்லையில் கூட்டம் இருந்தால் அது நீளும். வெள்ளி மாலையும் சனி காலையும் சிங்கப்பூரிலிருந்து வெளியே போகிறவர்களால் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி நெரியும். திங்கள் அல்லது செவ்வாய் காலை கிளம்புவது புத்திசாலித்தனம்.

மலாக்காவில் பார்க்க வேண்டியது 1781ஆம் வருஷத்துப் பொய்யாத விநாயகர் கோவில். அதே தெருவில் பள்ளிவாசலும் சீனக் கோவிலும். காஜா பெராங் பக்கம் மலாக்கா செட்டிகள் குடியிருப்பு இருக்கிறது. இவர்கள் நகரத்தார் இல்லை. சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்குப் போய் அங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்களின் வழி வந்தவர்கள். வீட்டில் மலாய் பேசுகிறார்கள், உடையும் அந்த ஊர் உடை, கும்பிடுவது மாரியம்மனை. மூன்று வருஷத்தில் திரும்பி வந்துகொண்டே இருந்தவர்களையும் இவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தால் எவ்வளவோ விளங்கும். ஒரு பகல் போதும். மலாக்காவிலிருந்து பினாங்குக்குப் பேருந்தில் ஏழு மணி நேரம் போல ஆகும். அது அலுப்பு என்றால் கோலாலம்பூர் போய் ரயிலில் பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து படகில் கடலைக் கடக்கலாம். பினாங்குக்குக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் பார்த்த கரையைப் படகிலிருந்து பார்த்தபடி போகலாம் என்பதால் நான் ரயிலைத்தான் சொல்வேன்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியா 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா கேட்பதில்லை. இந்தச் சலுகை 2026 டிசம்பர் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இருந்தாலும் கிளம்பும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. நுழைவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும், காசு கிடையாது. சிங்கப்பூர் ஸ்டூடண்ட் பாஸ் திரும்பி வரும் தேதியைத் தாண்டிச் செல்லுபடியாகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதால் தங்கவும் சாப்பிடவும் ஆகும் செலவு மாணவர் கைக்கு அடங்கும்.

மழையைப் பற்றி: செப்டம்பர் கடைசியில் பினாங்கிலும் சைகோனிலும் மழைக்காலம். பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் கொட்டும். பிப்ரவரி கடைசியில் இரண்டு ஊரும் காய்ந்திருக்கும், வெயிலும் கடுமை. ஆகவே பருவத்தை வைத்து இந்த இரண்டுக்கும் இடையே முடிவு செய்ய முடியாது. எந்த மாதமானாலும் தெரு சுற்றுவதைக் காலையில் வைத்துக்கொண்டு, மாளிகைகளையும் அருங்காட்சியகங்களையும் பகலுக்கு ஒதுக்கலாம். கோவில்கள் நம் ஊரைப் போலவே மத்தியானம் நடை சாத்தியிருக்கும். தண்ணீர்மலைக் கோவிலுக்கு மாலையில் போனால் பூஜையும் பார்க்கலாம், பூங்காவிலும் கொஞ்சம் நடக்கலாம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் விமானம் ஏறிவிட்டால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பரீட்சைக்குப் படிக்கக் கிடைக்கும்.